நிழலுக்கு ஒதுங்கினால் ஷேட், நிழல் விழுந்தால் ஷேடோ

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அண்ணா, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆகிறது. படித்ததெல்லாம் தமிழ் மீடியம். போன வாரம் ஒரு போலோ டிசர்ட் ஆர்டரில் காலர் நிறமும் பாடித் துணியின் நிறமும் லேசாக ஒத்துப்போகவில்லை. போட்டோ எடுத்து, ‘பாடிக்கும் காலருக்கும் கொஞ்சம் ஷேடோ வேரியேஷன் இருக்கிறது, ஏற்றுக்கொள்வீர்களா’ என்று ஆர்டர் கொடுத்த பையருக்கு மெயில் போட்டேன். ‘போட்டோவில் நிழல் எதுவும் தெரியவில்லையே, வெளிச்சம் சரியில்லை என்றால் வேறு எடுத்து அனுப்புங்கள்’ என்று பதில் வந்தது. நானும் ஜன்னலோரம் வைத்து மறுபடி எடுத்து அனுப்பினேன். இப்படியே இரண்டு நாள் போய்விட்டது. சீனியர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அகராதியில் ஷேட், ஷேடோ இரண்டுக்கும் நிழல் என்றுதானே போட்டிருக்கிறது?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சிரித்த சீனியரிடம், ‘சரிங்க, என்ன வித்தியாசம்னு நீங்க சொல்லுங்க’ என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும் அம்மணி. முக்கால்வாசிப் பேர் தலையைச் சொறிவார்கள். உங்கள் ஊரில் ஷேட் என்ற சொல் டீக்கடை பெஞ்சில்கூட அடிபடும், அதனால் காதுப் பழக்கத்தில் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள், காரணம் கேட்டால் தெரியாது. காரணம் கேட்டு எழுதியவர் நீங்கள்தான்.

அகராதி பொய் சொல்லவில்லை. நமக்கு இரண்டுமே நிழல்தான். ஆனால் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாமும் இரண்டு காரியம் பார்க்கிறோம், அதைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். ‘என்ன வெயில் இது, அந்த வேப்பமரத்து நிழலுக்கு வா’ என்கிறோம். ‘வாசல்ல நிழலாடுச்சு, யாருன்னு எட்டிப் பாரு’ என்றும் சொல்கிறோம். முதல் நிழலுக்குள் போய் உட்காரலாம், துண்டை விரித்துக் கொஞ்சம் கண் அசரலாம். இரண்டாவது நிழலில் படுக்க முடியுமா? அது யாரோ ஒரு ஆளுடையது. ஆள் நகர்ந்தால் கூடவே போய்விடும். நாம் போய் இருக்கிற முதல் நிழல் ஷேட். அது இடம், வெயில் படாத இடம், என்ன வடிவத்தில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வாசலில் ஆடிய நிழல் ஷேடோ. அது உருவம், ஓரம் இருக்கும், சொந்தக்காரர் இருப்பார்.

எந்த இடத்தில் எது என்று குழம்பினால் ஆங்கிலத்தில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், தமிழில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்து, வினைச்சொல் என்ன வருகிறது என்று பாருங்கள். நிழலுக்கு ஒதுங்குகிறோம், நிழலில் வண்டியை நிறுத்துகிறோம், முருங்கை இலையை நிழலில் உலர்த்துகிறோம். நிழலுக்கு, நிழலில் என்று உருபு ஒட்டிக்கொண்டு நாம் அங்கே போவதாகவோ எதையாவது வைப்பதாகவோ வந்தால் பெரும்பாலும் ஷேட். நிழல் விழுகிறது, நீள்கிறது, ஆடுகிறது, கூடவே வருகிறது என்று நிழலே எழுவாயாக நின்று எதையாவது செய்தால் அது ஷேடோ. பத்தில் ஒன்பது தடவை இந்தச் சோதனை போதும். பத்தாவது தடவை பற்றி இந்தப் பக்கத்தின் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் தினமும் கையில் பிடிக்கிற ஒரு பொருளிலேயே இது இருக்கிறது. டிசர்ட்டின் உள்பக்கத் தையலில் வைத்துத் தைக்கிற வாஷ்கேர் லேபிளை எடுத்துப் பாருங்கள். சில லேபிளில் ஒரு சதுரம் போட்டு, அதன் இடது மேல் மூலையில் சாய்வாக இரண்டு கோடு கிழித்திருக்கும். நிழலில் உலர்த்தவும் என்று அர்த்தம், ஆங்கிலத்தில் ‘ட்ரை இன் ஷேட்’. இதையே ‘ட்ரை இன் ஷேடோ’ என்று அச்சடித்தால், யாருடைய நிழலில் காயப்போடுவது என்று வாங்குகிறவர் தேட வேண்டியதுதான்.

சரி, மரத்தடி ஷேட் எப்படித் துணியின் நிறத்துக்கு வந்தது? ஓவியம் வரைகிறவர்கள் ஒரு பந்தைத் தட்டையான வட்டமாக விடாமல் உருண்டையாகக் காட்ட, வெளிச்சம் படாத பக்கத்தைப் பென்சிலால் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டாக்குவார்கள். பள்ளிக்கூட ட்ராயிங் மாஸ்டர் ‘ஷேடிங் கொடுடா’ என்பது அதைத்தான். இருட்டு கூடக் குறைய ஒரே நிறம் பல படியாகத் தெரியும், ஒவ்வொரு படியும் ஒரு ஷேட். அங்கிருந்து நிறத்தின் எந்தச் சின்ன வேறுபாட்டுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓவியக்காரர்கள் கணக்கு கொஞ்சம் கறார், கறுப்புக் கலந்தால்தான் ஷேட், வெள்ளை கலந்தால் டின்ட், சாம்பல் கலந்தால் டோன் என்பார்கள். சாயப்பட்டறையில் போய் இதைச் சொன்னால் ‘வேலையைப் பாருங்க’ என்பார்கள். அங்கே எல்லாமே ஷேட்தான்.

இந்தப் பத்தி எழுத வருவதற்கு முன்னால் நானே கொஞ்ச காலம் ஒரு டையிங் லேபில் உதவியாளாக இருந்தவன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். லேப் டிப் என்று உள்ளங்கை அளவு துணியில் சாயம் ஏற்றி, ஏ, பி, சி என்று மூன்று வைத்து அட்டையில் ஒட்டி பையருக்கு அனுப்புவோம். அவர் ஒன்றை ஓகே செய்தால் அதை வைத்து மொத்தத் துணிக்கும் சாயம் போடுவது. அனுப்புவதற்கு முன்னால் லைட் பாக்ஸ் சோதனை. உள்ளே பூராவும் மங்கலான சாம்பல் பெயின்ட் அடித்த ஒரு பெட்டி, மேலே நாலைந்து வகை விளக்கு. டி65 என்று ஒரு ட்யூப், பகல் வெளிச்சத்துக்குப் பதிலாக. டிஎல்84 என்பது அப்போது ஐரோப்பாக் கடைகளில் எரிந்த ட்யூப்லைட் மாதிரி. அப்புறம் வீட்டுக் குண்டு பல்ப் போல மஞ்சளாக ஒன்று. ஒரு நாள் ஒரு ஆலிவ் பச்சை. பையர் கொடுத்த துண்டையும் எங்கள் துண்டையும் ஓரத்தோடு ஓரம் ஒட்டி வைத்தோம். டி65-இல் இரண்டுக்கும் நடுவில் கோடே தெரியவில்லை, ஒரே துணி மாதிரி. மாஸ்டர் சுவிட்சை டிஎல்84-க்குத் தட்டினார். பையர் துண்டு பச்சையாகவே இருந்தது, எங்களுடையது மட்டும் பழுப்பாகச் சிவந்துவிட்டது. கண் முன்னால். நான் பயந்து கையை எடுத்துவிட்டேன். மாஸ்டர் ஒன்றும் ஆகாத மாதிரி, ‘மெட்டமெரிசம். டை காம்பினேஷனை மாத்து’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய், இன்னொரு வெளிச்சத்தில் காலை வாருகிற குணத்துக்குப் பெயர் அது. சாம்பல், ஆலிவ், பழுப்பு வகைகளில் இந்தத் தொல்லை அதிகம்.

உங்கள் போலோ விஷயத்தில் இன்னொன்றும் இருக்கலாம். காலரின் பின்னல் வேறு, பாடியின் பின்னல் வேறு. இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டுச் சாயம் ஏற்றினாலும் வெளிச்சம் அவற்றில் பட்டுத் திரும்புகிற விதம் மாறும், கண்ணுக்குக் காலர் கொஞ்சம் தூக்கலாகவோ மங்கலாகவோ தெரியும். ஆகவே அடுத்த மெயிலில், ‘ஸ்லைட் ஷேட் டிஃபரன்ஸ் பிட்வீன் பாடி அண்ட் காலர்’ என்று எழுதுங்கள், கூடவே எந்த விளக்கில் பார்த்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். காலர் கொஞ்சம் அடர்த்தி என்றால் ‘எ ஷேட் டார்க்கர்’. இந்த ‘எ ஷேட்’ நிறத்தைத் தாண்டியும் வேலை செய்யும். கை நீளம் கொஞ்சூண்டு அதிகம் என்றால் ‘எ ஷேட் டூ லாங்’ என்றால் அழகாக இருக்கும். ஆனால் மெஷர்மென்ட் சார்ட்டில் அப்படி எழுதிவிடாதீர்கள், அங்கே சென்டிமீட்டர்தான் பேசும்.

இன்னொன்று, இது தெரிந்தால் உங்களுக்கே கொஞ்சம் தெம்பு வரும். ஆங்கிலக்காரர்களுக்கும் ஒரு காலத்தில் இது ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய ‘ஷடு’ மாதிரி ஒலிக்கிற ஒரு சொல் இருந்தது. நம் மரம், உருபு ஏற்கும்போது மரத்தை, மரத்தில் என்று ‘மரத்து’ ஆகிறது இல்லையா, அதே மாதிரி அந்தச் சொல்லும் வேற்றுமை ஏற்கும்போது நடுவில் ஒரு ‘வ’ வாங்கிக்கொள்ளும். வேற்றுமை உருபுகள் காலப்போக்கில் தேய்ந்துபோய், மரம் ஒரு சொல்லாகவும் ‘மரத்து’ தனியாக இன்னொரு சொல்லாகவும் நின்றுவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி நின்றவைதான் ஷேடும் ஷேடோவும். ஷேடோவின் வால் அந்தப் பழைய ‘வ’. புல்வெளிக்குச் சொல்கிற மெடோவுக்கும் இதே கதைதான். ஒரே வீட்டுப் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள், நாம் இன்னும் கூட்டுக் குடும்பம்.

கடைசியாக உச்சரிப்பு. தமிழில் இரண்டையும் ‘ஷே’ போட்டுத்தான் எழுத முடிகிறது, அதனால் இரண்டையும் ஒரே மாதிரி இழுத்துச் சொல்லிவிடுகிறோம். ஷேட் என்பதில் ‘ஏய்’ என்று கூப்பிடுகிற இழுவை உண்டு. ஷேடோவில் அது கிடையாது, கிரிக்கெட் பேட்டில் வருமே, வாயை அகலத் திறக்கிற அந்தக் குட்டை ஒலி. பையர் வீடியோ காலில் வந்தால் உதவும்.

கேள்வி: ‘வி சேட் அண்டர் த ஷேட் ஆஃப் எ ட்ரீ’ என்று எழுதியிருந்தேன். அண்டரை அடித்துவிட்டு ‘இன்’ போட்டிருக்கிறார் ஆசிரியர். மரத்துக்கு அடியில்தானே உட்காருகிறோம் சார்?
— பிளஸ் ஒன் மாணவர், நாமக்கல்

பதில்: மரத்துக்கு அடியில்தான் தம்பி, நிழலுக்கு அடியில் இல்லையே. ‘அண்டர் எ ட்ரீ’ சரி, ‘இன் த ஷேட்’ சரி, இரண்டையும் போட்டுக் கலக்கினால் நிழலைக் கூரை மாதிரி மேலே கட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்த கதையாகிவிடும். நமக்கு ‘மரத்தடி’ என்ற சொல் நாக்கிலேயே இருப்பதால் கை தானாக அண்டர் போட்டுவிடுகிறது. ஒதுங்குகிற ஷேடுக்கு முன்னால் ‘எ’ வராது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள். ‘எ ஷேட்’ என்றால் நிறம், இல்லாவிட்டால் விளக்குக்கு மேலே கவிழ்க்கிற கூண்டு. நிழல் நிறைய இருக்கிறது என்றால் ‘லாட்ஸ் ஆஃப் ஷேட்’, ‘மெனி ஷேட்ஸ்’ என்றால் பெயின்ட் கடை. ஷேடோவை மட்டும் ஒன்று இரண்டு என்று தாராளமாக எண்ணலாம்.

உன் கணக்குப் புத்தகத்திலேயே இரண்டும் இருக்கிறது, பத்தாம் வகுப்பில் படித்திருப்பாய். கோபுரத்தின் நிழல் இத்தனை மீட்டர், ஏற்றக்கோணம் இத்தனை, உயரம் என்ன என்று கேட்டால் அந்த நிழல் ஷேடோ, அளக்க ஓரம் இருக்கிறதே. சதுரத்துக்குள் வட்டம் வரைந்து, நிழலிட்ட பகுதியின் பரப்பு என்ன என்று கேட்டால் அது ஷேடட் ரீஜன், பென்சிலால் இருட்டாக்கிய இடம். நாளைக்கு ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கச் சொல்வதும் ஷேட் பண்ணுவதுதான்.

கேள்வி: எங்கள் வட்டாரத்தை ரெயின் ஷேடோ ஏரியா என்கிறார்கள். மழைக்கு எப்படிங்க நிழல் விழும்?
— ஒரு வாசகர், காங்கயம்

பதில்: நல்ல கேள்விங்க. காங்கயத்துக்காரருக்குத்தான் இப்படிக் கேட்க உரிமை உண்டு.

வெயிலுக்குக் குறுக்கே சுவர் நின்றால் அந்தப் பக்கம் சுவரின் நிழல் விழும். ஜூன் மாசம் அரபிக்கடலில் இருந்து தென்மேற்குக் காற்று மழையைச் சுமந்துகொண்டு வருகிறது, குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலை. காற்று மலைமேல் ஏறவேண்டியிருக்கிறது, ஏற ஏறக் குளிர்ந்து, சுமையைக் கேரளப் பக்கத்திலும் மலைத் தலையிலும் இறக்கிவிடுகிறது. நம் பக்கம் இறங்கும்போது காலிப் பையோடு வருகிறது, இறங்க இறங்கச் சூடும் ஏறி, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறில் வருசத்துக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டிக் கொட்டும், தமிழ்நாட்டிலேயே அதிகம் நனைகிற இடங்களில் அது ஒன்று. கீழே கோவைச் சமவெளியில் 600, 700-ஐப் பார்த்தாலே பெரிது. வெளிச்சத்துக்குப் பதில் மழையை வைத்துப் பாருங்கள், சுவர் அதேதான், மறைப்பும் அதேதான். மலையின் உருவம்தான் மழையில்லாத நிலமாகக் கிழக்கே நீண்டு விழுந்து கிடக்கிறது. விழுந்தது, நீண்டது என்று சொல்ல முடிகிறது இல்லையா, அதனால்தான் ஷேடோ. தமிழில் இதற்கு மழை மறைவுப் பிரதேசம் என்று பெயர் வைத்தவர் யாரோ, நிழல் என்ற சொல்லைத் தொடாமலேயே காரியத்தை முடித்துவிட்டார், கெட்டிக்காரர்.

சுவரில் ஓட்டை இருந்தால் நிழலிலும் ஓட்டை இருக்கும். பாலக்காட்டுக் கணவாய் அந்த ஓட்டை. ஆடிக் காற்றில் பொள்ளாச்சிப் பக்கம் சாரல் அடிக்கிறதும், பல்லடம் பக்கம் காற்றாலைகள் சுழல்கிறதும் அதன் உபயம். காங்கயத்துக்கு வருவதற்குள் அந்தக் காற்று வெறும் காற்றாகிவிடுகிறது.

ஷேட் வேண்டும் என்றால் உங்கள் கொறங்காட்டை, அதுதான் மாடு மேய்கிற காட்டை, பாருங்கள். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவே அங்கங்கே வெள்வேல மரம். பன்னிரண்டு மணி வெயிலில் மாடுகள் மேய்வதை விட்டுவிட்டு வெள்வேலத்தடியில் போய் நின்று அசைபோடும். வெள்வேலம் ஒன்றும் ஆலமரம் இல்லை, இலை பொடிசு, நிழலும் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாகத்தான் விழும். ஆனாலும் மாடு அதைத் தேடித்தான் போகிறது. மலையின் ஷேடோவில் குடியிருக்கிறோம், ஷேடுக்கு வெள்வேலத்தை நம்பியிருக்கிறோம் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், ஜியாகரபியும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் முடிந்தது.

கேள்வி: கல்லூரி மலருக்கு எழுதிய கட்டுரையில் மரங்கள் நிறைந்த எங்கள் வளாகத்தை ‘ஷேடி கேம்பஸ்’ என்று புகழ்ந்திருந்தேன். பேராசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு மூன்று கேள்விக்குறி போட்டுவிட்டார். இலக்கணப் பிழையா?
— கல்லூரி மாணவி, பெருந்துறை

பதில்: இலக்கணம் சுத்தம். மானம்தான் போயிருக்கும். ஷேடி என்றால் நிழல் நிறைந்த என்றும் அர்த்தம், கோல்மால் நிறைந்த என்றும் அர்த்தம். ‘ஷேடி ட்ரீ’ என்று மரத்தைச் சொன்னால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள், மரம் யாரை ஏமாற்றப்போகிறது. ஆளை, தரகரை, ஏலச்சீட்டை, நிலப் பத்திரத்தை ஷேடி என்றால் ‘உஷாரா இரு’ என்று அர்த்தம். கல்லூரி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அட்மிஷன் சமயத்தில் அந்த மலர் வெளியே போனால் என்ன ஆகும் என்று பேராசிரியர் யோசித்திருப்பார். ‘எ கேம்பஸ் வித் ப்ளென்டி ஆஃப் ஷேட்’ என்று மாற்றிவிடுங்கள். ஷேடோவி என்று இன்னொன்று இருக்கிறது, அது இருள் படிந்த, சரியாகப் புலப்படாத என்பது. அதையும் போட்டுத் தொலைக்காதீர்கள், பேய் பங்களா ஆகிவிடும்.

கேள்வி: ஜீரோ ஷேடோ டே என்று பள்ளியில் கொண்டாடினோம். குழந்தைகள் மைதானத்தில் நின்று குதித்தார்கள். ஒரு பெண், ‘டீச்சர், அங்க சாமியானாவுக்கு அடியில நிழல் இருக்கே’ என்றாள். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
— ஆசிரியை, ஈரோடு

பதில்: அந்தப் பெண்ணுக்கு என் சார்பில் ஒரு கமர்கட்டு வாங்கிக் கொடுங்கள் டீச்சர். இந்தப் பக்கம் முழுக்க நான் வளவளவென்று எழுதியதை ஒரே வரியில் பிடித்துவிட்டாள்.

நம் பக்கமெல்லாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 டிகிரி. சூரியன் வடக்கே போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் 20 தாண்டியும் நடுமதியத்தில் சரியாக உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். நட்டு வைத்த குச்சியின் நிழல் குச்சியின் காலடியிலேயே சுருண்டு காணாமல் போகும். கடக ரேகைக்கு வடக்கே இருக்கிற டெல்லிக்கு இந்தப் பாக்கியம் ஒரு நாளும் கிடையாது. காணாமல் போனது ஷேடோ, பக்கவாட்டில் நீண்டு விழுகிற உருவம். சாமியானா துணி வெயிலைத் தடுத்துக்கொண்டுதானே இருக்கிறது, அதனால் அடியில் ஷேட் பத்திரமாக இருக்கும். அதனால்தான் அந்த நாளுக்கு ஜீரோ ஷேட் டே என்று பெயர் வைக்கவில்லை. வைத்திருந்தால் நம் ஊர் நாலுவழிச் சாலைகளில் வருசம் 365 நாளும் அதுதான்.

இதே குழந்தைகளின் அண்ணன் அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள், 2019 டிசம்பர் 26 காலை வளைய சூரிய கிரகணம் கோவை, ஈரோடு வழியாகத்தான் போனது. நிலவின் ஷேடோ நம் மேல் ஓடிய நாள். அன்றைக்கு நான் மேலே பார்க்கக் கண்ணாடி கிடைக்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். வேப்பமரத்து ஷேடில் இலைச் சந்து வழியாக வழக்கமாக வட்ட வட்டமாக விழுமே வெளிச்சப் பொட்டு, அத்தனையும் பிறை பிறையாகக் கிடந்தன, தரையெல்லாம் நகம் வெட்டிப் போட்ட மாதிரி.

கேள்வி: பஸ் ஸ்டாப்பில் ‘பயணியர் நிழற்குடை’ என்று எழுதியிருக்கிறதே, அதை ஆங்கிலத்தில் ஷேட் என்பதா ஷேடோ என்பதா?
— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டும் வேண்டாங்க, ‘பஸ் ஷெல்டர்’ போதும். இதை இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும்போது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் அப்பா நினைவாக ஒரு நிழற்குடை கட்டிக்கொடுத்தார். போர்டு எழுத வந்த பெயின்டர், தமிழில் எழுதிவிட்டு, இங்கிலீசில் என்ன போடுவது என்று கேட்க, ஊரில் டிகிரி படிக்கிற ஒரே ஆள் என்று என்னைக் காட்டினார்கள். நானும் யோசிக்காமல் ‘ஷேடோ அம்ப்ரெல்லா’ என்று சொன்னேன். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்தில் அடிக்கோடு போட்டு எழுதிவிட்டார். ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. வெளியூர் உறவுக்காரர்கள்தான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வருவார்கள். பதினைந்து வருசத்துக்கு மேல் அது அங்கேயே இருந்தது.

பிறகு ரோட்டை அகலமாக்கியபோது நிழற்குடையை இடித்தார்கள், என் ஆங்கிலமும் கூடவே போனது, அதில் எனக்குச் சந்தோசம்தான். பக்கத்தில் இருந்த இரண்டு புளியமரமும் போனது. இப்போது அந்த ஸ்டாப்பில் ஒரே ஒரு கரண்ட் கம்பம் மட்டும் நிற்கிறது. போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன், காலை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அந்தக் கம்பத்தின் நிழல் விழுந்த கோட்டில் ஒருவர் பின்னால் ஒருவராக, ரேஷன் கடை வரிசை மாதிரி, முகத்தில் மட்டும் வெயில் படாமல் நின்றுகொண்டிருந்தார்கள். நிழல் கொஞ்சம் நகர்ந்தால் வரிசையும் கொஞ்சம் நகர்கிறது. ஓரம் இருக்கிறது, கம்பத்துக்குச் சொந்தமான உருவம், விழுகிறது, நகர்கிறது, ஆனால் அதற்குள்தான் ஆறு பேர் ஒதுங்கியும் நிற்கிறார்கள். நான் சொன்ன பத்தாவது தடவை அதுதான். ஷேடா ஷேடோவா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் ஏழாவது ஆளாகப் போய் நின்றுகொண்டேன்.